நிறுவனம் எந்த மாநிலத்தின் குடிமகன்? அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இருநூறு ஆண்டுகளாகத் தீராத ஒரு கேள்வி

1. கேள்வி எங்கிருந்து எழுகிறது

அமெரிக்காவில் ஒப்பந்த மீறல், விபத்து இழப்பீடு, குத்தகைத் தகராறு போன்ற உரிமையியல் வழக்குகளில் பெரும்பாலானவை மாநிலச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை விசாரிக்கும் இயல்பான இடம் மாநில நீதிமன்றம். அந்நாட்டு அரசியல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இதற்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: வழக்காடும் இரு தரப்பினரும் வெவ்வேறு மாநிலங்களின் குடிமக்களாக இருந்தால், வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றமும் விசாரிக்கலாம். 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, வழக்கின் மதிப்பு 500 டாலரைத் தாண்ட வேண்டும் என்றது. இன்று அந்த வரம்பு 75,000 டாலர்.

உள்ளூர் நீதிபதியும் உள்ளூர் ஜூரியும் வெளியூர்க்காரருக்கு ஓரவஞ்சனை செய்துவிடக்கூடும் என்ற அச்சமே இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் காரணம். பின்னாளில் புகழ்பெற்ற நீதிபதியான ஹென்றி ஃபிரெண்ட்லி 1928இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், அந்த அச்சத்துக்கான வரலாற்றுச் சான்றுகள் மெலிந்தவை என்று வாதிட்டார். காரணம் வலுவானதோ மெலிந்ததோ, ஏற்பாடு நிலைத்துவிட்டது. 1806இல் ‘ஸ்ட்ராபிரிட்ஜ் எதிர் கர்ட்டிஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கண்டிப்பான நிபந்தனையையும் சேர்த்தது: வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தாலே போதும், கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவு மூடிவிடும். இதற்கு ‘முழு வேறுபாட்டு விதி’ என்று பெயர்.

மனிதர்களுக்கு இந்த விதியைப் பொருத்துவது பெரிய சிக்கல் இல்லை. ஒருவர் நிலையாக வாழும் எண்ணத்துடன் எங்கே குடியிருக்கிறாரோ அந்த மாநிலத்தின் குடிமகன் அவர். நிறுவனத்துக்கு வீடும் இல்லை, எண்ணமும் இல்லை. அது எந்த மாநிலத்தின் குடிமகன் என்று எதை வைத்துச் சொல்வது? அமெரிக்கச் சட்டம் இன்று இதற்கு இரண்டு விடைகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. கார்ப்பரேஷன் என்று பதிவுபெற்ற நிறுவனத்துக்கு ஒரு விடை. மற்ற எல்லா வணிக அமைப்புகளுக்கும் முற்றிலும் வேறொரு விடை. இந்தப் பிளவு கொள்கையால் விளைந்ததன்று, நீதிமன்றம் ஒரு கட்டத்தில் துணிந்து இன்னொரு கட்டத்தில் தயங்கியதன் எச்சமே என்பதும், அந்தத் தயக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள் இன்று நிற்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. மார்ஷலின் விடையும் அது கைவிடப்பட்ட விதமும்

ஜார்ஜியா மாநிலம் 1805இல் வங்கிக் கிளைகளுக்கு வரி விதித்தது. ஐக்கிய அமெரிக்க வங்கியின் சவானா கிளை அதைச் செலுத்த மறுத்தபோது, வரி அதிகாரிகள் கிளைக்குள் புகுந்து வெள்ளி நாணயங்களை எடுத்துச் சென்றனர். வங்கி கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியது. 1809இல் ‘ஐக்கிய அமெரிக்க வங்கி எதிர் டெவோ’ தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், கார்ப்பரேஷன் என்பது கண்ணுக்குத் தெரியாத, தொட்டறிய முடியாத, சட்டம் படைத்த ஓர் உரு என்றார். அது குடிமகன் ஆகாது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வழக்காடுபவர்கள் மனிதர்கள். அவர்களுக்குக் குடியுரிமை உண்டு. ஆகவே பங்குதாரர்களைப் பார்க்க வேண்டும். வங்கியின் பங்குதாரர்கள் அனைவரும் பென்சில்வேனியாவைச் சேர்ந்தவர்கள் என்று மனுவில் சொல்லப்பட்டிருந்ததால் வழக்கு ஏற்கப்பட்டது.

இந்த விடை வங்கிக்கு அன்று உதவியது. பின்னால் வந்தவர்களுக்கு உதவவில்லை. பங்குதாரர்களை எண்ணும் முறையும் முழு வேறுபாட்டு விதியும் சேர்ந்தபோது, எதிர்த்தரப்பின் மாநிலத்தில் ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் நிறுவனம் வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 1840இல் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் வங்கி தொடர்பான ‘ஸ்லோகம்ப்’ வழக்கில் இதுதான் நடந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் லூசியானாவினர், வங்கியின் பங்குதாரர்களில் இருவர் லூசியானாவினர், வழக்கு தள்ளுபடி. ரயில் பாதைகள் மாநில எல்லைகளைக் கடந்து, பங்குகள் ஊர் ஊராகக் கைமாறத் தொடங்கிய காலம் அது. பெரிய நிறுவனங்களுக்கு எதிராகவோ அவற்றின் சார்பாகவோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடுவது அரிதாகிவிடும் நிலை வந்தது.

நான்கே ஆண்டுகளில் நீதிமன்றம் திரும்பியது. 1844இல் ‘லூயிவில் ரயில்வே எதிர் லெட்சன்’ வழக்கில் நீதிபதி ஜேம்ஸ் வெய்ன், ஒரு கார்ப்பரேஷன் தன்னைப் படைத்த மாநிலத்தின் குடிமகனாகவே கருதப்பட வேண்டும் என்று எழுதினார். பழைய தீர்ப்பை எழுதிய மார்ஷலே அதற்காகப் பலமுறை வருந்தியதாகவும் அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. 1853இல் ‘மார்ஷல் எதிர் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்வே’ வழக்கில் நீதிபதி ராபர்ட் கிரியர் அதே முடிவை வேறு வழியில் அடைந்தார். குடிமகன் மனிதன்தான் என்ற தலைமை நீதிபதி மார்ஷலின் கருத்தை வெளிப்படையாக மறுக்காமல், கார்ப்பரேஷனின் பங்குதாரர்கள் அனைவரும் அது பதிவான மாநிலத்தில் வாழ்பவர்கள் என்று அனுமானிக்க வேண்டும் என்றார். அந்த அனுமானத்தை எந்தச் சான்று கொண்டும் மறுக்க முடியாது. பால்டிமோர் ரயில்வேயின் பங்குதாரர் நியூயார்க்கில் குடியிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் மேரிலாந்துக்காரர். பொய் என்று அனைவரும் அறிந்த ஒன்றை உண்மை எனக் கொள்ளும் சட்டப் புனைவு இது. இந்த மாற்றத்தை நாடாளுமன்றமான காங்கிரஸ் செய்யவில்லை, நீதிபதிகளே செய்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

3. டிரெட் ஸ்காட் வழக்கு காட்டும் வேறுபாடு

அதே அரசியல் சட்டப் பிரிவு, 1857இல் வேறொரு வழக்கில் வந்தது. அடிமைப்படுத்தப்பட்டிருந்த டிரெட் ஸ்காட் தன் விடுதலைக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகியது, தான் மிசூரியின் குடிமகன், எதிர்த்தரப்பு நியூயார்க்கின் குடிமகன் என்ற அடிப்படையில்தான். கறுப்பின மக்கள் அரசியல் சட்டத்தின் பொருளில் குடிமக்கள் ஆக முடியாது என்று தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதினார். கார்ப்பரேஷனுக்குக் கதவைத் திறந்த வெய்னும் கிரியரும் ஸ்காட்டுக்கு எதிரான பெரும்பான்மையில் இருந்தனர்.

ரயில் நிறுவனத்துக்குக் கிடைத்த இடம் ஒரு மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்ற கசப்பான உண்மையைச் சொல்லி இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் சான்றுகள் இன்னும் சிக்கலானவை. 1853இல் கார்ப்பரேஷனைக் குடிமகனாக்குவதை எதிர்த்து மாறுபட்ட கருத்து எழுதிய பீட்டர் டேனியலும் ஜான் கேம்ப்பெலும்கூட 1857இல் ஸ்காட்டுக்கு எதிராகவே நின்றனர். அதாவது, நிறுவனக் குடியுரிமையை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் ஸ்காட்டை விலக்குவதில் ஒன்றுபட்டார்கள். கார்ப்பரேஷனுக்குக் கொடுத்ததை நீதிமன்றம் அரசியல் சமூகத்தில் உறுப்புரிமையாக ஒருபோதும் எண்ணவில்லை. அது நீதிமன்ற வாசலில் காட்டும் நுழைவுச் சீட்டு மட்டுமே. 1869இல் ‘பால் எதிர் வர்ஜினியா’ தீர்ப்பு இதை உறுதிசெய்தது: ஒரு மாநிலத்தின் குடிமக்களுக்கு மற்ற மாநிலங்களில் கிடைக்கும் சலுகைகளை, குடிமகன் என்ற பெயரில் கார்ப்பரேஷன் கோர முடியாது.

இதிலிருந்து நம் வாதத்துக்குத் தேவையான முடிவு ஒன்று கிடைக்கிறது. நிறுவனத்தின் குடியுரிமை ஆரம்பம் முதலே நீதிமன்ற வசதிக்கான ஓர் ஏற்பாடு. அப்படியானால் அதை யாருக்கு நீட்டிப்பது என்பதையும் வசதியையும் நோக்கத்தையும் வைத்தே முடிவு செய்ய வேண்டும். கார்ப்பரேஷனின் ‘இயல்பு’ வேறு, கூட்டாண்மையின் ‘இயல்பு’ வேறு என்று தத்துவம் பேசுவதற்கு இதில் இடமில்லை.

4. பதிவிடமும் தலைமையிடமும்

பதிவான மாநிலம் ஒன்றே போதும் என்ற விதி துஷ்பிரயோகத்துக்கு வழிவிட்டது. கென்டக்கியின் பௌலிங் கிரீன் ரயில் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஏகபோக உரிமையை ஒரு நிறுவனம் ரயில்வேயிடமிருந்து பெற்றிருந்தது. கென்டக்கி நீதிமன்றங்கள் இத்தகைய ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. நிறுவனம் தன்னைக் கலைத்துவிட்டு, அதே பெயரில் அண்டை மாநிலமான டென்னசியில் பதிவுசெய்துகொண்டு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குச் சென்றது. 1928இல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் கடுமையாக மாறுபட்டார். அந்தத் தீர்ப்புக்கு அடித்தளமாக இருந்த, மாநிலச் சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கூட்டாட்சி நீதிபதிகள் தாமாகவே பொதுச் சட்டம் வகுக்கலாம் என்ற நிலைப்பாடு 1938இல் ‘ஈரி’ தீர்ப்பால் முடிவுக்கு வந்தது. அதன் பின் இரு நீதிமன்றங்களிலும் பொருந்துவது மாநிலச் சட்டமே. வேறுபடுவது நீதிபதி, ஜூரி திரட்டப்படும் வட்டாரம், நடைமுறை விதிகள் ஆகியவை.

உள்ளூரில் தொழில் நடத்திக்கொண்டு வெளி மாநிலப் பதிவைக் காட்டி நுழைவதைத் தடுக்க, காங்கிரஸ் 1958இல் சட்டத்தைத் திருத்தியது. அன்று முதல் கார்ப்பரேஷனுக்கு இரட்டைக் குடியுரிமை: பதிவான மாநிலம் ஒன்று, முதன்மை வணிக இடம் அமைந்த மாநிலம் மற்றொன்று. முதன்மை வணிக இடம் எது என்பதில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அரை நூற்றாண்டு காலம் பிரிந்து நின்றன. தொழிற்சாலையும் ஊழியர்களும் அதிகம் உள்ள இடம் என்றன சில. முடிவெடுக்கும் இடம் என்றன சில. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றன இன்னும் சில.

2010இல் ‘ஹெர்ட்ஸ் எதிர் ஃபிரெண்ட்’ வழக்கு இதை முடித்துவைத்தது. கார் வாடகை நிறுவனமான ஹெர்ட்ஸின் 1,606 மையங்களில் 273 கலிஃபோர்னியாவில் இருந்தன; 11,230 முழுநேர ஊழியர்களில் ஏறத்தாழ 2,300 பேர் அங்கே வேலை பார்த்தனர். தலைமை அலுவலகம் அப்போது நியூஜெர்சியின் பார்க் ரிட்ஜில் இருந்தது. அளவை வைத்துப் பார்த்தால் மக்கள்தொகை மிகுந்த கலிஃபோர்னியா நாடெங்கும் கிளை பரப்பிய சில்லறை வணிக நிறுவனங்களில் ஏறத்தாழ எல்லாவற்றையும் தன் குடிமக்களாக்கிக்கொள்ளும். நீதிபதி ஸ்டீபன் பிரையர் ஒருமனதான தீர்ப்பில், உயரதிகாரிகள் நிறுவனத்தை வழிநடத்தும் ‘நரம்பு மையம்’தான் முதன்மை வணிக இடம் என்றார். இதனால் விநோதங்கள் நேரலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை: மக்கள் கண்ணில் படும் தொழிலின் பெரும்பகுதி நியூஜெர்சியில் நடந்தாலும், அதிகாரிகள் ஆற்றுக்கு அக்கரையில் நியூயார்க்கில் உட்கார்ந்திருந்தால் நியூயார்க்தான் கணக்கு. அதிகார வரம்பு பற்றிய விதி எளிமையாக இருப்பது, ஒவ்வொரு வழக்கிலும் நோக்கத்தோடு பொருந்துவதைவிட முக்கியம் என்பதே அவர் வாதத்தின் சாரம். இந்த வாதம் கார்ப்பரேஷன்களின் வாசலோடு நின்றுவிட்டதுதான் அடுத்த பகுதியின் கதை.

5. கார்ப்பரேஷன் அல்லாதவை

பங்கு வணிகச் சங்கங்களுக்கு கார்ப்பரேஷனின் சலுகை இல்லை என்று 1889இலும், வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மைச் சங்கங்களுக்கு இல்லை என்று 1900இலும் தீர்ப்புகள் வந்தன. 1933இல் மட்டும் ஒரு விலகல்: ஸ்பானியச் சட்ட மரபில் அமைந்த போர்ட்டோ ரிக்கோவின் ஒருவகைக் கூட்டு வணிக அமைப்பு, முழுமையான சட்ட ஆளுமை உடையது என்பதால் கார்ப்பரேஷனுக்கு நிகராக ஏற்கப்பட்டது. அந்த விலகல் மரபாக வளரவில்லை. 1965இல் தொழிற்சங்கம் ஒன்று தன்னையும் கார்ப்பரேஷன் போல நடத்தும்படி கேட்டபோது, நியாயமான கோரிக்கைதான், ஆனால் காங்கிரஸிடம் கேளுங்கள் என்று நீதிமன்றம் கைவிரித்தது.

தீர்மானகரமான வழக்கு 1990இன் ‘கார்டன் எதிர் ஆர்கோமா’. ஆர்கோமா, அரிசோனா சட்டப்படி அமைந்த வரையறுத்த கூட்டாண்மை நிறுவனம். அதில் இருவகைக் கூட்டாளிகள் உண்டு: நிர்வகிப்பவர்கள் ஒருவகை, பணம் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்கும், நம் வணிகர்கள் ‘ஸ்லீப்பிங் பார்ட்னர்’ என்று சொல்வதை ஒத்தவர்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையினரின் குடியுரிமையையும் கணக்கில் எடுக்க வேண்டுமா? நீதிபதி அன்டனின் ஸ்கேலியா எழுதிய ஐந்துக்கு நான்கு தீர்ப்பு ஆம் என்றது. தொழில் உலகின் மாறும் நிலைமைகளுக்கு இந்த முடிவு ஈடுகொடுக்கவில்லை, முன்தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்ட நுணுக்கவாதம் என்று யாரேனும் குறைசொன்னால் அது செல்லும் என்றே அவர் ஒப்புக்கொண்டார். சரிசெய்வது காங்கிரஸின் வேலை என்பது அவர் நிலைப்பாடு.

அதே காலத்தில்தான் எல்.எல்.சி. எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனம் நாடெங்கும் பரவியது. 1977இல் வயோமிங் மாநிலம் முதன்முதலாக இதற்குச் சட்டம் இயற்றியது. 1988இல் வருவாய்த் துறை அதைக் கூட்டாண்மை போல வரிவிதிக்க இசைந்ததும், கார்ப்பரேஷனின் பாதுகாப்பும் கூட்டாண்மையின் வரிச் சலுகையும் ஒருங்கே தரும் வடிவமாக அது மாறியது. 1998இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ரிச்சர்ட் போஸ்னர், எல்.எல்.சி.யின் குடியுரிமை அதன் உறுப்பினர்களின் குடியுரிமையே என்றார். மற்ற மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அதே வழியில் சென்றன. 2016இன் ‘அமெரிகோல்ட்’ தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தின் பிடிவாதத்தைக் காட்டியது. கான்சஸில் 1991இல் ஒரு நிலத்தடி உணவுக் கிடங்கில் பிடித்த தீயிலிருந்து எழுந்த வழக்கு அது. கால் நூற்றாண்டுக்குப் பின், மேரிலாந்தில் பதிவான முதலீட்டு டிரஸ்டான அமெரிகோல்டின் உறுப்பினர்களில் பங்குதாரர்களும் அடக்கம்; அவர்களின் குடியுரிமை தெரியாததால் அதிகார வரம்பு நிறுவப்படவில்லை என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் ஒருமனதான தீர்ப்பை எழுதினார்.

சுருக்கமாகச் சொன்னால், 1809இல் கார்ப்பரேஷனிடம் மார்ஷல் கேட்ட கேள்வியை இன்று எல்.எல்.சி.யிடம் கேட்கிறார்கள், கார்ப்பரேஷனிடம் கேட்பதை 1844இலேயே விட்டுவிட்டார்கள்.

6. இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்

எல்.எல்.சி.யின் உறுப்பினர் இன்னொரு எல்.எல்.சி.யாகவும், அதன் உறுப்பினர் ஒரு கூட்டாண்மையாகவும், அதற்குள் ஒரு டிரஸ்டும் இருக்கலாம். அடுக்கடுக்காக இறங்கி, மனிதர்களையோ கார்ப்பரேஷனையோ எட்டும் வரை தேட வேண்டும். டெலவர் போன்ற மாநிலங்களில் உறுப்பினர் பெயர்களைப் பொதுப் பதிவேட்டில் காட்ட வேண்டியதில்லை. தன் எதிராளி யார் என்றே தெரியாமல் வாதி அவருடைய குடியுரிமையை மனுவில் எழுத வேண்டும். 2022 டிசம்பர் 1 முதல் நடைமுறை விதி 7.1, இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் தன் குடியுரிமையைத் தொடக்கத்திலேயே அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்ல திருத்தம்தான்; ஆனால் எண்ண வேண்டியவர்களின் தொகையை அது குறைக்கவில்லை.

அதிகார வரம்பு இல்லாமையை இரு தரப்பும் சேர்ந்து மன்னித்துவிட முடியாது. மேல்முறையீட்டில் நீதிபதி தானாகக் கண்டுபிடித்தாலும் வழக்கு கலையும். 2003இல் ஒரு உணவு வழங்கும் நிறுவனமும் ஒரு வணிக வளாக எல்.எல்.சி.யும் மோதிய வழக்கில், ஜூரி 2 லட்சத்து 20 ஆயிரம் டாலர் தீர்ப்பளித்த பிறகு, இரு தரப்பிலும் இல்லினாய் குடியுரிமை இருப்பது தெரியவந்தது. நீதிபதி ஃபிராங்க் ஈஸ்டர்புரூக் தீர்ப்பை ரத்து செய்ததோடு, மாநில நீதிமன்றத்தில் கட்சிக்காரர்களுக்காக மேல்கட்டணமின்றி வாதாடுமாறு வழக்கறிஞர்களுக்கு இடித்துரைத்தார். 2004இன் ‘குருப்போ டேட்டாஃப்ளக்ஸ்’ வழக்கில் மெக்சிகோக் குடிமக்களான இரு கூட்டாளிகள் விசாரணைக்கு முன்பே விலகிவிட்டார்கள். ஆனாலும் மனுத் தாக்கலான நாளில் அவர்கள் இருந்தார்கள் என்பதற்காக, மூன்றாண்டுப் பூர்வாங்க நடவடிக்கையும் ஆறு நாள் விசாரணையும் 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஜூரித் தீர்ப்பும் வீணாயின.

தமிழ் வாசகருக்குச் சற்று நெருக்கமான ஒரு விளைவும் உண்டு. வெளிநாட்டில் நிலையாகக் குடியேறிவிட்ட அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்தின் குடிமகனும் அல்லர், அந்நியரும் அல்லர் என்பது 1989இன் ‘நியூமன்-கிரீன்’ தீர்ப்பு; அங்கே கேள்விக்குள்ளானவர் வெனிசுவேலாவில் வாழ்ந்தவர். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கக் கூட்டாளிகளைக் கொண்ட பெரிய சட்ட நிறுவனங்கள் இந்தக் காரணத்தாலேயே இவ்வகை வழக்கில் கட்சியாக முடியாமல் போயிருக்கின்றன. நியூஜெர்சியில் குடும்பமாக நடத்தும் ஓர் எல்.எல்.சி.யில், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுப் பின் கோயம்புத்தூருக்கே திரும்பி நிலைத்துவிட்ட மாமனார் ஓர் உறுப்பினர் என்றால், அவர் ஒருவராலேயே அந்த நிறுவனம் முழுவதும் இந்த வழியை இழந்துவிடும்.

7. வாதங்களை எடைபோடுதல்

உறுப்பினரை எண்ணும் விதிக்கு ஆதரவாக மூன்று வாதங்கள் உண்டு. முதலாவது, அது தெளிவானது. கூட்டாளிகள் பத்துப்பேர் கூடிய காலத்தில் இது உண்மை. பங்குச் சந்தையில் வாங்கி விற்கப்படும் கூட்டாண்மை நிறுவனங்களும் அடுக்கு எல்.எல்.சி.களும் உள்ள இன்று, பிரையர் ஹெர்ட்ஸில் போற்றிய எளிமைக்கு இதைவிட எதிரான விதி இருக்க முடியாது.

இரண்டாவது வாதம் கனமானது: மாநிலச் சட்ட வழக்குகள் மாநில நீதிமன்றத்தில் இருப்பதே கூட்டாட்சி முறைக்கு நல்லது, எனவே கதவைக் குறுக்கும் எந்த விதியும் வரவேற்கத்தக்கது. நோக்கத்தை ஏற்கலாம், கருவி தவறு. ஐம்பது மாநிலங்களிலும் முதலீட்டாளர்களைக் கொண்ட மாபெரும் கூட்டாண்மை, அமெரிக்கர் எவரோடு மோதினாலும் இந்த வழியில் கூட்டாட்சி நீதிமன்றத்தை எட்ட முடியாது. ஒரே ஆளின் எல்.எல்.சி. எளிதில் எட்டிவிடும். உள்ளூர்ப் பாரபட்சத்துக்கு யார் இலக்காவார் என்பதற்கும் இந்தத் தேர்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மூன்றாவது, இது காங்கிரஸின் வேலை என்பது. லெட்சன் தீர்ப்பு காங்கிரஸைக் கேட்டு எழுதப்பட்டதன்று. நீதிமன்றம் படைத்த புனைவை நீட்டிக்க மட்டும் சட்டமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது, தான் போட்ட கோட்டைத் தானே தாண்ட மறுப்பதாகும். அதே சமயம், காங்கிரஸ் ஏற்கெனவே பாதி வழி வந்திருப்பதையும் சொல்ல வேண்டும். தேசிய வங்கிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. அதன்படி வங்கி தன் அமைப்புச் சாசனம் குறிப்பிடும் தலைமை அலுவலக மாநிலத்தின் குடிமகன் என்று 2006இல் ‘வக்கோவியா’ தீர்ப்பு விளக்கியது. குழு வழக்குகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், கார்ப்பரேஷன் அல்லாத சங்கங்களையும் அவை அமைந்த சட்டத்துக்குரிய மாநிலத்தின், முதன்மை வணிக இடமுள்ள மாநிலத்தின் குடிமகனாகக் கொள்கிறது. ஆக, குழு வழக்கில் இரு மாநிலத்துக்கு மட்டும் உரிய ஓர் அமைப்பு, சாதாரண ஒப்பந்த வழக்கில் முப்பது மாநிலங்களுக்கு உரியதாகிவிடுகிறது. இதற்கு எந்த நியாயமும் சொல்லப்பட்டதில்லை.

8. முடிவு

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாய்பாட்டை எல்லா வழக்குகளுக்கும், பதிவுபெற்ற எல்லா வணிக அமைப்புகளுக்கும் விரிப்பதே பொருத்தமான தீர்வு. பெரும்பாலானவற்றின் பதிவிடத்தைப் பொதுப் பதிவேடு சொல்லும். தலைமையிடத்தை ஹெர்ட்ஸ் தீர்ப்பின் அளவுகோல் சொல்லும். பதிவே தேவைப்படாத சிறு கூட்டாண்மைகளுக்குக் கூட்டாளிகளை எண்ணும் பழைய முறை தொடரலாம். அங்கே அது இன்னும் வேலை செய்கிறது.

இதனால் கூட்டாட்சி நீதிமன்றங்களில் வழக்குகள் கூடும் என்ற கவலை உண்மையானது. அதற்கான விடைகளும் வெளிப்படையானவை: 1997 முதல் அசையாமல் நிற்கும் 75,000 டாலர் வரம்பை உயர்த்தலாம், தன் சொந்த மாநிலத்திலேயே வழக்குத் தொடுக்கும், பாரபட்சத்துக்கு அஞ்சக் காரணமில்லாத வாதிக்கு இந்த வழியை மறுக்கலாம். 1978இல் பிரதிநிதிகள் சபை இந்த அதிகார வரம்பின் பெரும்பகுதியையே நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி நேரடியாக விவாதித்துக் கதவைக் குறுக்குவது ஜனநாயக முறை. எந்தக் கூட்டாளி எந்த ஊரில் குடியிருக்கிறார் என்ற தற்செயலிடம் அந்த முடிவை ஒப்படைத்துவிட்டு, அதை முன்தீர்ப்புக்கான மரியாதை என்று சொல்வதற்கு அந்தத் தகுதி இல்லை.